பெயரில்லாப் புதைகுழிகளும் உயிர்த்த உடலும்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவின் வார்லி தேவாலயத்தை 1878-இல் ஆங்கிலேயத் தோட்டத் துரைமார் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும் இன்றைய காட்சி பிற்காலத்தது. அணை 1965-இல்தான் எழுந்தது. ஆலயத்தைச் சுற்றித் துரைமார் குடும்பங்களின் கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் பெயரும் ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே காலத்தில் அதே சரிவுகளில் காடு வெட்டி, கோப்பி நட்டு, கோப்பி இலைநோயில் அழிந்தபின் தேயிலை நட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு கல் வாய்க்கவில்லை. தோட்டத்து மயானத்தில் ஒரு மண்மேடு கிடைத்தது. சில மழைக்காலம் கழிந்தால் அதுவும் தரையோடு தரையாகிவிடும். தேயிலைச் செடிக்கு அடியில் மூதாதையர் புதைந்து கிடப்பதை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாகப் பாடினார். மலையக இலக்கியம் அந்த நினைவை இன்றும் கைவிடவில்லை.

இந்த இருவகைச் சாவுகளுக்கும் நடுவே நின்று உயிர்த்த ஞாயிறு என்ன சொல்கிறது என்று கேட்டால், கேள்வி கூர்மையாகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி இறந்தோர் எழுவர். யார் எழுவர்? பெயர் செதுக்கப்பட்டவர் மட்டுமா?

இந்தக் கேள்விக்குள் நுழைய ஒரு புகைப்படக் கலைஞரின் கதை உதவும். உலகப் புகைப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படும் ஜூலியா மார்கரெட் கேமரன், 1875-இல் கணவர் சார்ள்ஸ் ஹே கேமரனுடன் இலங்கைக்கு வந்து தங்கினார். கணவர் இந்நாட்டுக்குப் புதியவர் அல்லர். 1833-ஆம் ஆண்டின் கோல்புறூக் – கேமரன் சீர்திருத்தங்களில் வருகிற அதே கேமரன்தான் அவர். ஜூலியா 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாவின் கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் அவரைப் புதைத்தார்கள். மறு ஆண்டு கணவரும் இறந்து அங்கேயே அடக்கமானார். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் ஜூலியா, இயேசுவின் கல்லறையருகே இருந்த தேவதூதரை ஒரு படமாக எடுத்திருந்தார். அதற்கு மாதிரியாக இருந்தவர் அவருடைய வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். பணிப்பெண்ணின் பெயர் படத்தோடு சேர்ந்து இன்றுவரை வாழ்கிறது. இலங்கையில் ஜூலியா எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் இருக்கிறார்கள். அந்த முகங்களை உலக அருங்காட்சியகங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஈஸ்டர் விடியலை இவ்வளவு அன்போடு படம்பிடித்த கண், தன் முன்னால் நின்ற தமிழ்ப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிவைக்கவில்லை. ஜூலியாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கிறிஸ்தவம் முழுவதுக்கும் இருந்த கண்நோய் அது.

உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை எங்கே பிறந்தது என்று பார்த்தால் அந்த நோயின் ஆழம் புரியும். பழைய இஸ்ரயேலின் நூல்களில் இறந்தோர் எழுவர் என்ற பேச்சு அரிது. அது தெளிவாக ஒலிப்பது கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், நான்காம் அந்தியோக்கு மன்னன் யூதர்களைக் கொன்று குவித்த காலத்தை ஒட்டி. தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரம் அப்போது பேசுகிறது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. அதன் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு தாயின் கண்முன்னே ஏழு பிள்ளைகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள். மூன்றாமவன் தன் கைகளை நீட்டி, இவை விண்ணிலிருந்து கிடைத்தவை, இவற்றை அங்கிருந்தே திரும்பப் பெறுவேன் என்ற பொருளில் சொல்கிறான். மோட்சத்தில் ஆன்மா சுகமாக இருக்கும் என்பதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. வெட்டப்பட்ட கை திரும்ப வேண்டும் என்கிறான். அநியாயமாகப் பறிக்கப்பட்ட உடலுக்குக் கடவுள் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கோரிக்கையாகவே இந்த நம்பிக்கை பிறந்தது.

இயேசுவின் காலத்தில் இதை மறுத்தவர்கள் சதுசேயர். அவர்கள் ஆலயத் தலைமையோடும் செல்வத்தோடும் நெருங்கியவர்கள். செல்வந்தர்கள் மட்டுமே அவர்கள் பேச்சுக்கு இணங்கினார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதினார். உள்ளதே போதும் என்று இருப்பவருக்கு உயிர்த்தெழுதல் தேவைப்படுவதில்லை. பறிகொடுத்தவரின் நம்பிக்கை அது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம், கி.பி. 55-ஐ ஒட்டி எழுதப்பட்டது. உயிர்த்த கிறிஸ்துவைக் கண்டவர்களின் பட்டியல் ஒன்று அங்கே இருக்கிறது. பவுலே அதைத் தனக்கு முன்னவர்களிடமிருந்து பெற்றதாகச் சொல்வதால், சிலுவை மரணத்துக்குப் பின் வந்த முதல் ஆண்டுகளுக்கே அது நம்மைக் கொண்டுபோகிறது. கொரிந்தில் சிலர் இறந்தோர் எழுவதில்லை என்றார்கள். கிரேக்கச் சிந்தனையில் ஊறிய ஊர் அது. ஆன்மா உடலைக் கழற்றிவிட்டுப் போவதே விடுதலை என்று பலர் நம்பினார்கள். பவுல் இதற்கு இணங்கவில்லை. விதையும் பயிரும்போல, விதைக்கப்படும் உடலுக்கும் எழுப்பப்படும் உடலுக்கும் வேற்றுமையும் உண்டு, தொடர்ச்சியும் உண்டு என்று வாதாடினார். பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆஸ்கர் குல்மன் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவில் இந்த வேற்றுமையைத் தெளிவாக்கினார்: ஆன்மாவின் அழியாமை கிரேக்கருடையது, இறந்தோரின் உயிர்த்தெழுதல் விவிலியத்துடையது. ஞாயிறுதோறும் சபைகள் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணமும் சரீரத்தின் உயிர்த்தெழுதலைத்தான் சொல்கிறது. நம் சாவு வீடுகளிலோ, கிறிஸ்தவர்களும்கூட, ஆத்துமா இளைப்பாறட்டும் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். உடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பவுலின் கடிதத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 15-ஆம் அதிகாரம் உங்கள் பாடு வீணாகாது என்ற உறுதியோடு முடிகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியே காணிக்கைப் பணம் பற்றியது. எருசலேமில் பசித்திருக்கும் ஏழைகளுக்காக வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் எடுத்துவைக்கும் பணம் அது. சாவுக்கு மரண அடி கொடுத்த மூச்சோடு பவுல் பணத்தைப் பேசுகிறார். உடல் எழும் என்று நம்புகிறவனுக்கு இன்றைய உடலின் பசியும் அதே விஷயந்தான்.

மலையகத்தில் உயிர்த்தெழுதல் கதையைக் கிறிஸ்தவர்கள் மட்டும் சொல்லவில்லை. தோட்டங்களில் பெரும்பான்மையோர் சைவ வழிபாட்டினர். அவர்களுடைய ஆண்டுச் சுழற்சியில் காமன் கூத்துக்கு ஈடான நிகழ்வு குறைவு. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, ரதியும் மதனுமாக வேடமிட்டு, தப்பு முழங்க வீடுவீடாக ஆடி வருவார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த காமன் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ரதி புலம்புகிறாள். அவளுடைய முறையீட்டுக்கு இரங்கிச் சிவன் அவனுக்கு உயிர் கொடுக்கிறார். தவக்காலமும் ஏறத்தாழ இதே நாட்களில் வருகிறது. ஈஸ்டரும் நிலவை வைத்துக் கணிக்கப்படும் திருநாள்தான். வசந்தகாலச் சமஇரவை ஒட்டிவரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது 325-ஆம் ஆண்டின் நிசேயா சங்கத்திலிருந்து வளர்ந்த முறை. அந்த முழுநிலவு பல ஆண்டுகளில் நம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வந்துவிடும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஒரு லயத்தில் காமன் எரிந்த சாம்பல் ஆறிக் கொஞ்ச நாளில் பக்கத்து லயத்தில் பாஸ்கா மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது.

இரண்டையும் ஒன்றென்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது இரண்டு கதைகளுக்கும் செய்யும் அவமரியாதை. காமன் கதையில் இருக்கும் பேரழகு ரதியின் புலம்பல். அன்பு சாவோடு வாதாடி வெல்கிறது. கிறிஸ்தவர்கள் அதன் முன் தலைவணங்கலாம். ஆனால் திரும்பி வரும் காமனுக்கு உருவமில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டுமே அவன் தெரிவான் என்பது புராணம். அடுத்த ஆண்டு மாசியில் மறுபடி எரிவான். எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் தஞ்சைப் பக்கத்தில் இரவெல்லாம் லாவணி பாடுவார்கள். சுவிசேஷங்கள் சொல்வது வேறு. எழுந்தவருக்கு உடல் இருக்கிறது. அவர் மீன் உண்கிறார். ஒருவருக்கு மட்டும் தெரிகிறவர் அல்லர், பலர் காண்கிறார்கள். சாவு அவரை மறுபடி தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆணி அடித்த தழும்புகள் அந்த உடலில் இருக்கின்றன. தோமா அவற்றைத் தொடச் சொல்லி அழைக்கப்படுகிறார். சென்னைப் பரங்கிமலையில் இரத்தம் சிந்தியதாகத் தமிழ்நாட்டு மரபு போற்றும் அதே தோமாதான். பட்ட காயம் மறைந்துபோன ஒரு வெற்றியை அவர் ஏற்றிருக்க மாட்டார். அவருடைய சந்தேகத்தை நான் அவிசுவாசம் என்று வாசிப்பதில்லை. கொல்லப்பட்டவர்தான் எழுந்தார், அவருக்குப் பதில் வேறொருவர் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளும் நேர்மை அது.

தோட்டங்களுக்கு இந்தச் செய்தி வந்த வழியும் நேரானதாக இல்லை. 1854-ஐ ஒட்டித் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் பணத்தையும் ஆதரவையும் நம்பி நடந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். லயம் லயமாகப் போய்ப் போதித்தவர்கள் அவர்கள்தாம். எழுத்தறிவு பல தோட்டங்களுக்கு அந்த வழியாகவே நுழைந்தது. அந்த நன்றியை மறுக்க முடியாது. ஆனால் துரை அமர்ந்த ஆலயம் ஒன்று, தொழிலாளி செபித்த இடம் வேறொன்று என்ற பிரிவினையும் சேர்ந்தே வளர்ந்தது. சம்பளம் கொடுப்பவரின் செலவில் வந்த போதனை, கீழ்ப்படிதலையும் பொறுமையையும் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னதில் வியப்பில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ பக்தியின் சாய்வும் இதற்குத் துணைபோனது. நாம் பெரிய வெள்ளியில் வல்லவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உழைத்த கொங்கணித் துறவி ஜாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தின் முன் அமர்ந்து அழுவதற்கு நமக்குத் தெரியும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உடக்குப் பாஸ் என்றும் பாஸ்கா நாடகம் என்றும் பாடுகளைக் கலையாக்கத் தெரியும். ஒப்பாரி நம் இரத்தத்தில் இருக்கிறது. தோட்டத்துக் கிறிஸ்தவருக்குச் சிலுவையில் தொங்குகிறவர் சட்டென்று புரிகிறார், அடிபட்டவரை அடிபட்டவர் அறிவதுபோல. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நம்மிடம் அத்தனை கலை சேரவில்லை. ஒரு புத்தாடை, ஒரு நல்ல சாப்பாடு, திங்கட்கிழமை மறுபடி பெரட்டு எனும் காலைப் பெயர் அழைப்பு. நான் ஒப்பாரியைக் குறைக்கச் சொல்லவில்லை. லாசருவின் கல்லறையில் இயேசுவே அழுதார். நம்பிக்கை இல்லாதவர்களைப்போலத் துயரப்படாதீர்கள் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துயரப்படவே கூடாது என்று எழுதவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் ஒலிக்கும் ஊரில், பாடுபடுவதே கடவுளின் சித்தம் என்ற பொய் எளிதாக வேரூன்றும். அப்போஸ்தலர் பணிகள் நூலில் பேதுருவின் முதல் பிரசங்கம் அந்தப் பொய்யை உடைக்கிறது. நீங்கள் கொன்றீர்கள், கடவுள் எழுப்பினார் என்பது அதன் சாரம். பிலாத்து எழுதிய தீர்ப்பை மேல்நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது என்று இதைச் சட்டமொழியில் சொல்லலாம்.

நான்கு சுவிசேஷங்களிலும் வெறுங்கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சி நீதிமன்றத்தில் செல்லாது என்று யோசேப்பு எழுதிய சமூகத்தில் இப்படி ஒரு கதையை யாரும் வசதிக்காகப் புனைந்திருக்க மாட்டார்கள். பவுல் தந்த பட்டியலில்கூட அந்தப் பெண்களின் பெயர் இல்லை. அதற்குள்ளேயே மறைத்துவிட்டார்கள் போலும். யோவானின் கதையில் மகதலா மரியாள் தன் முன் நிற்பவரைத் தோட்ட வேலை செய்பவர் என்று நினைக்கிறாள். எழுந்த ஆண்டவர் அரசனைப்போல அன்றி, உழைக்கிற ஆளைப்போலத்தான் தெரிந்திருக்கிறார். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தபின்தான் அவளுக்குப் புரிகிறது.

பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படுவது எதற்கு என்று மலைச்சரிவில் கூடை சுமக்கும் பெண்ணுக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கப்படும், எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவளுக்கு 1984-இல்தான் கிடைத்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவள் பாட்டியை நாடற்றவளாக்கியது. 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலைகளாக எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. எண்ணிக்கையாக மட்டுமே நடத்தப்பட்ட ஒரு மக்களுக்கு, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் முழு நற்செய்தி.

2019 ஏப்ரல் 21-க்குப் பிறகு இலங்கையில் உயிர்த்த ஞாயிறு என்றாலே காயத்தோடுதான் பேச முடியும். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் உல்லாச விடுதிகள் என்று குண்டுகள் வெடித்ததில் 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் பல பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த கிறிஸ்துவின் சொரூபம் இரத்தம் தெறித்தபடி நின்றது. அதைக் கழுவாமல் அப்படியே பேணி வைத்திருக்கிறார்கள். யோவான் எழுதிய தழும்புகளுக்கு இதைவிடச் சரியான விளக்கவுரையை நான் கண்டதில்லை. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் தொடர்ந்து கேட்டு வருகிறார். இறந்தவர்கள் மோட்சத்தில் இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள் என்று சொல்லாத திருச்சபை, உயிர்ப்பை நம்புகிற திருச்சபை.

மறுமையைக் காட்டி இம்மையை மறக்கச் செய்யும் மயக்க மருந்து இந்த உயிர்ப்பு நம்பிக்கை என்ற குற்றச்சாட்டு பழையது. தோட்டத்து மிஷனின் வரலாறு அதற்குச் சான்றும் தருகிறது. பதிலுக்கு ஒரு வாழ்க்கையைக் காட்டலாம். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவி, தோட்டத் தமிழருக்காகவும் இன நல்லுறவுக்காகவும் 2017-இல் மறையும்வரை உழைத்தார். உடல் எழும் என்று நம்புகிறவர் அந்த உடல் 10 அடிக்கு 12 அடி லயத்து அறையில் அடைந்துகிடப்பதைப் பொறுக்க மாட்டார். கஸ்பர்ஸ் பொறுக்கவில்லை. 2023-இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்களே, அந்த நடையையும் நான் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். காய்ச்சலிலும் பேதியிலும் முன்னோர் விழுந்து மாண்ட அதே பாதையில் நடந்தவர்களில் பலர் கிறிஸ்தவர் அல்லர். செத்தவர்களை மறந்துவிட மாட்டோம் என்று அவர்கள் கால்களால் சொன்னது, உயிர்ப்பின் நம்பிக்கைக்கு மிக அருகில் இருக்கிறது.

டிக்கோயா, ஹட்டன், பொகவந்தலாவைச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கிலிக்கனோ மெதடிஸ்தரோ கத்தோலிக்கரோ, உங்கள் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேடுகளையும் கறையான் தின்னவிடாதீர்கள். அவற்றைப் படியெடுத்து, வேர் தேடி வருகிறவர்களுக்குத் திறந்து வையுங்கள். தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் தேடி வருவார்கள். உயிர்த்த ஞாயிறு விடியற்கால ஆராதனையில் அந்தப் பதிவேடுகளில் உள்ள தொழிலாளர் பெயர்களை, தோட்டத்தின் பெயரோடு, உரக்க வாசியுங்கள். துரைமாரின் கல்லறைகளைப் பராமரிப்பதுபோல, அடையாளம் தெரிகிற தோட்டத்து மயானங்களுக்கு வேலி போடுங்கள். பக்கத்து லயத்துச் சைவக் குடும்பத்துப் பெயர்களையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.